பெட்டி ஒயினுக்கும் ஒரு கிளாஸ் நீட்டுங்கள்

அடிலெய்டில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி ஒயின் ருசிக்கும் நம் குழுவினருக்கு,

வணக்கம். போன கூட்டத்துக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின், இரண்டு லிட்டர் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தேன். மேசையில் இருந்த புட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன; பெட்டி மட்டும் துணி துவைக்கும் அறைக்குப் போனது. கிளம்பும்போது அப்படியே என் கையில் கொடுத்தீர்கள். குடித்துப் பார்த்து "நல்லாயில்லை" என்று சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஒதுக்கியதுதான் மனசை உறுத்துகிறது.

அதுவும் நாம் இருப்பது இந்தப் பெட்டி பிறந்த தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில்! மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் மர்ரே ஆற்றங்கரையில் ரென்மார்க் என்ற ஊர். அங்கே ஒயின் தயாரித்த தாமஸ் ஆங்கோவ் 1965-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அட்டைப்பெட்டிக்குள் ஒரு காலன் (சுமார் நாலரை லிட்டர்) பிடிக்கும் பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டு, மடித்துக் கிளிப் போட்டு மூட வேண்டும். இப்போது பெட்டியில் இருக்கும் குழாய் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

ஒயின் இறங்க இறங்கப் பை சுருங்கும். ஊற்றும்போது உள்ளே காற்று புகாது. விஷயமே அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு பேர். சனி, ஞாயிறு ராத்திரி ஆளுக்கு ஒரு கிளாஸ். புட்டி வாங்கிய காலத்தில் மிஞ்சும் ஒரு கிளாஸ் அடுத்த சனிக்கிழமைக்குள் காடி வாடை அடிக்கும், சிங்கில் கொட்டுவேன். இப்போது ஒரு சுமாரான புட்டியின் விலைக்கு வாங்கும் பெட்டி, ஃபிரிட்ஜில் மூன்று வாரம் தாண்டி நிற்கிறது. கடைசியில் பையை வெளியே உருவி, ஒரு மூலையைத் தூக்கிப் பிழிந்தால் இன்னும் அரை கிளாஸ் வரும். அதுவும் நன்றாகவே இருக்கும்.

எல்லாப் பெட்டியும் நல்லது என்று சொல்ல மாட்டேன். சிலது வெறும் சர்க்கரைத் தண்ணீர். பழைய சரக்கும் ஆகாது. பிளாஸ்டிக் வழியே காற்று மெல்லக் கசியும் என்பதால் வருடக்கணக்கில் வைத்திருக்கிற ஒயின் இல்லை இது. தேதி பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இரண்டு ஷிராஸ் புட்டி, இரண்டு ஷிராஸ் பெட்டி வைப்போம். நாலையும் ஒரே மாதிரி ஜக்கில் ஊற்றி எண் ஒட்டுவோம். எது எந்த எண் என்ற சீட்டு, ஊற்றுபவரின் சட்டைப்பையில் இருக்கட்டும். ஷிராஸ் வெதுவெதுப்பாக இருந்தால் சாராய நெடி தூக்கலாக அடிக்கும். நாலையும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுப்போம். எல்லோரும் மார்க் போட்டு முடித்த அப்புறம் சீட்டைப் பிரிக்கலாம்.

பெட்டிகள் என் பொறுப்பு. புட்டிகளை நீங்களே தேர்ந்தெடுங்கள், உங்களுக்குப் பிடித்ததாகவே இருக்கட்டும். மட்டன் சுக்காவும் செய்து கொண்டு வருகிறேன். ஆனால் மார்க் போட்ட பிறகுதான் அதைத் திறப்பேன். காரம் பட்டால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்