ஒரே படுக்கையருகே சேர்ந்து படிக்கட்டும்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம், செவிலியம், பார்மசி, பிசியோதெரபி கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். செவிலிய மாணவர்களுக்கு வார்டில் பாடம் சொல்லித் தருபவள் நான். உங்களிடம் ஒரு கோரிக்கை. நான்கு துறை மாணவர்களும் ஒரே நோயாளியை ஒரு குழுவாகப் பார்க்க வழி செய்யுங்கள். அதற்குக் கால அட்டவணையில் நேரமும் தேர்வில் மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்த மாத்திரையை அப்படியே தொடரலாம் என்று மருத்துவ மாணவர் கேஸ் ஷீட்டில் குறிக்கிறார். விழுங்க முடியவில்லை என்று பாட்டி சொல்ல, செவிலிய மாணவி அதைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறாள். அதுவோ மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரை. பொடித்தால் நாள் முழுதும் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பார்மசி மாணவருக்கு இது தெரியும். ஆனால் அவர் வார்டுப் பக்கமே வருவதில்லை. சற்று நேரத்தில் பிசியோதெரபி மாணவர் பாட்டியை எழுந்து நிற்க வைக்கிறார். தலை சுற்றுகிறது. ‘இன்று ஒத்துழைக்கவில்லை’ என்று தன் நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார். நால்வருமே அக்கறையுள்ள பிள்ளைகள். பாட்டி கீழே விழுந்தால் யாரைக் குறை சொல்வது?

எல்லோரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து உடற்கூறியல் நடத்தினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வரையறுத்தது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் 1996-லேயே மேற்பார்வையோடு மாணவர் குழுக்களே நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி வார்டு தொடங்கிவிட்டது.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. மருத்துவ மாணவர் தவறாக ஒன்றைச் சொன்னாலும் என் மாணவிகள் வாய் திறப்பதில்லை. இந்தத் தயக்கம் கல்லூரிக் காலத்திலேயே ஊறிவிடுகிறது. வேலைக்குப் போனபின் ஒரு நாள் பயிலரங்கம் நடத்தி அதைப் போக்க முடியாது. கத்தி வைக்குமுன் குழுவில் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் கேட்பதும் இதனால்தான். அந்தப் பட்டியலை எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திய ஆய்வில் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது (2009).

விடுமுறைகள் ஒத்துப்போகாது, தேர்வு விதிகள் வேறு என்பீர்கள். உண்மைதான். அதனால் சிறிதாகவே தொடங்குங்கள்: ஒரு வார்டு, வாரத்தில் ஒரு மதியம், ஒரு நோயாளி. வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை நால்வரும் சேர்ந்து எழுதட்டும். மதிப்பெண்ணும் குழுவுக்கே கிடைக்கட்டும். குழுவை வழிநடத்தும் பொறுப்பு எப்போதும் மருத்துவப் பேராசிரியரிடமே இருக்க வேண்டாம், முறைவைத்து மாறட்டும்.

இதைப் பேச அடுத்த கூட்டம் கூட்டும்போது செவிலிய, பார்மசி, பிசியோதெரபி ஆசிரியர்களையும் அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலிய ஆசிரியை