77 நாள், மூன்று முறை சர்வீஸ், அதே பழுது: 150-600 மி.மீ. லென்ஸ் குறித்துப் புகார்

பெறுநர்:
தலைமை மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுது நீக்கப்படாமல் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட டெலிஃபோட்டோ லென்ஸுக்குப் பதிலாகப் புதிய லென்ஸோ முழுத் தொகையோ கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முந்தைய ஐந்துக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. இந்தக் கடிதத்தையாவது யாராவது ஒருவர் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மாலை லென்ஸ் மூன்றாவது முறையாக என் கைக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து, கேமராவில் பூட்டி, வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த ஒரு கரும்பருந்தின் மேல் வைத்தேன். வ்யூஃபைண்டரில் பருந்து தெரிந்தது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் உள்ளே மோட்டார் கரகரவென்று ஓடி, ஃபோகஸை மிகக் கிட்டத்து முனையான அண்மைக் கோடி வரை கொண்டுபோய் முட்டி நின்றது. பருந்து கரைந்து வெறும் நீலம் மட்டும் மிஞ்சியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே ஓட்டம். முதல் புகாரில் எதை எழுதினேனோ அதேதான், இம்மி மாறவில்லை.

பக்கவாட்டில் இருக்கும், ஃபோகஸ் ஓடும் தூரத்துக்கு எல்லை கட்டும் அந்த ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் எதற்கென்று தங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை; அதைச் செய்தவர்களே நீங்கள். அதை 10 மீட்டருக்கு அப்பால் என்ற இடத்தில் வைத்த பிறகு லென்ஸ் அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. என் லென்ஸ் வருகிறது. இந்த ஒரு வாக்கியத்தைத் தங்கள் பொறியாளர்களில் ஒருவர் புரிந்துகொண்டிருந்தால் மூன்று மாதமாக நான் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். 600 மி.மீ.யில் கண்ணுக்குத் தெரிவது வானத்தில் சுமார் 4 டிகிரி அளவுதான். ஒரு முறை ஃபோகஸ் அண்மைக்கு ஓடிவிட்டால் பறவை எங்கே போனது என்றே தெரியாது. அது திரும்பி வந்து தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பொரி வல்லூறு இரை மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும் பறவை. இந்த லென்ஸ் அண்மைக் கோடி வரை போய்த் திரும்பி வர இரண்டு நொடி ஆகிறது. அந்த இரண்டு நொடியில் வல்லூறு 160 மீட்டர் கடந்திருக்கும்.

வாங்கிய முதல் நான்கு மாதம் இந்த லென்ஸின் மேல் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எடுத்த விராலடிப்பான் (மீன் பிடித்து உண்ணும் வேட்டைப் பறவை) படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள். அது முதலாண்டு இளம்பறவை. முதுகிலும் இறக்கையிலும் ஒவ்வொரு இறகின் விளிம்பிலும் வெளிர்நிறக் கோடு ஓடுகிறது. வளர்ந்த பறவைக்கு இருக்கும் மஞ்சள் கண் அல்ல, செம்மஞ்சள் கண். அந்தக் கண்ணுக்குள் ஏரிக்கரையின் ஒளி ஒரு புள்ளியாக விழுந்திருப்பது வரை தெரிகிறது. இப்படி எடுக்கத் தெரிந்த லென்ஸ்தான் இது. எடுக்கத் தெரியாதவன் கையில் கிடைத்துவிட்டது என்று தங்கள் ஆட்கள் என்னிடம் மூன்று முறை சொன்னார்கள். அதனால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் முறை அனுப்பியபோது 19 நாள் வைத்திருந்தீர்கள். "சோதிக்கப்பட்டது, குறையேதும் இல்லை, ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டது" என்ற அறிக்கையோடு திரும்பி வந்தது. அதை நம்பித்தான் மறுநாள் விடியுமுன் ஏரிக்குப் போனேன்.

அந்தக் காலையை நான் எப்படி மறப்பது? அதே இளம் விராலடிப்பான், எனக்கு 20 மீட்டர் தூரத்தில், நீருக்கு மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்றது. பிறகு இறக்கையை மடக்கிக்கொண்டு இறங்கியது. நீரைத் தொடும் கடைசி நொடியில் காலை முன்னால் நீட்டி, தலைக்கு முன்பாக நகம் போய் விழுந்தது. மேலெழும்பி, பறந்துகொண்டே உடலை உதறியபோது நீர்த்துளிகள் வெயிலில் வளையம்போல் சிதறின. மீனைத் தலை முன்னால் வரும்படி காலுக்குள் திருப்பிப் பிடித்துக்கொண்டு என் முன்னாலேயே கடந்து போனது. இவ்வளவையும் நான் வ்யூஃபைண்டரில் ஒரு பழுப்புக் கறையாகப் பார்த்தேன். மொத்தம் 41 படங்கள். ஒன்றிலும் கண் இல்லை, நகம் இல்லை, மீன் இல்லை. இரண்டு பருவமாக அந்தக் கரையில் காத்திருந்தவன் நான். இனி என் ஆயுளில் அப்படி ஒரு காலை எனக்கு வாய்க்கப்போவதில்லை. எந்த உத்தரவாத அட்டை இந்த இழப்பை ஈடுகட்டும்?

அதற்குத் தங்கள் சர்வீஸ் சென்டர் சொன்ன காரணம் வெப்ப அலை. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் சூடான காற்று தொலைதூரப் படங்களைக் குழப்பிவிடும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் விடியுமுன் போகிறேன். படம் எடுத்தது சூரியன் உதித்துப் பத்து நிமிடத்துக்குள், அதுவும் 20 மீட்டர் தூரத்தில். நேரம் ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கிறது. யாராவது திறந்து பார்த்தார்களா?

இன்னொருவர், "பறவை பறக்கும்போது கை ஆடியிருக்கும்" என்றார். ஷட்டர் வேகம் 1/2500 நொடி. அதுவும் படத்திலேயே இருக்கிறது. கை ஆடினால் ஃபோகஸ் அண்மைக் கோடிக்கு ஓடுமா? 20 மீட்டர் தூரத்தில், எஃப் 6.3 என்ற துளை அளவில், தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். விராலடிப்பானின் இறக்கை விரிப்போ ஒன்றரை மீட்டர் இருக்கும். கண்ணில் ஃபோகஸ் உட்கார்ந்தால் இறக்கை நுனி கலங்கலாம், அதை நான் ஏற்றுக்கொள்வேன். முழுப் பறவையும் காணாமல் போவதை ஏற்க மாட்டேன்.

தொலைபேசியில் பேசிய அந்த நபரைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவே கை கூசியதால் தள்ளிப்போட்டேன். 47 நிமிடம் காத்திருந்த பிறகு இணைப்பு கிடைத்தது. நான் என் புகாரைச் சொல்லி முடிப்பதற்குள், "அவ்வளவு தூரத்தில் நின்று ஏன் எடுக்கிறீர்கள்? கொஞ்சம் கிட்டப் போங்கள்" என்றார். அப்போது நான் செம்பருந்தின் கூடு ஒன்றையும் தொலைவிலிருந்து படம் பிடித்து வந்தேன். கூட்டில் குஞ்சு இருக்கிறது, கிட்டப் போனால் தாய் கூட்டை விட்டு எழுந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னேன். "பறந்தால் பறக்கட்டும், திரும்பி வராமலா போகும்?" என்றார் அவர்.

ஐயா, டெலிஃபோட்டோ லென்ஸ் விற்கும் நிறுவனத்தின் ஊழியர் பேசும் பேச்சா இது? தாய் எழுந்து போன கூட்டில், வெயிலைத் தாங்க முடியாத குஞ்சு நிழலில்லாமல் கிடக்கும். காகம் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கும். பறவையின் வாழ்க்கையில் நாம் குறுக்கே போகக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை எடையையும் தோளில் சுமந்துகொண்டு, அத்தனை தொலைவில், பக்கத்தில் ஆள் இருப்பது அதற்குத் தெரியாதபடி குந்தியிருக்கிறோம். கிட்டப் போவதாக இருந்தால் இந்த லென்ஸ் எனக்கு எதற்கு? நான் இதைச் சொன்னதும் அவர், "அசையாத கழுகு வேண்டுமென்றால் மிருகக்காட்சிசாலைக்குப் போங்கள்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். எத்தனை அலைக்கழிப்பையும் மறந்துவிடுவேன், இந்த வார்த்தையை மறக்க மாட்டேன். அந்த உரையாடலைத் தாங்கள் பதிவு செய்திருப்பீர்கள். எடுத்துக் கேளுங்கள். தேதியும் நேரமும் புகார் எண்ணும் இணைப்பில் உள்ளன.

இரண்டாம் முறை 31 நாள். அந்த 31 நாளுக்குள்தான் தங்கள் சர்வீஸ் சென்டரிலிருந்து, "லென்ஸ் தயாராகிவிட்டது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அழைத்தார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, திறக்குமுன்னே போய் வாசலில் நின்றேன். முன்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். ஒரு மணிக்கு உணவு இடைவேளை என்று வெளியே அனுப்பினார்கள். மூன்று மணிக்கு வேறொருவர் வந்து, லென்ஸ் தலைமைப் பணிமனையிலிருந்து இன்னும் புறப்படவே இல்லை என்றார். அப்படியானால் என்னை அழைத்தது யார் என்று கேட்டேன். "தானாகப் போகிற அழைப்பு" என்றார். அந்தக் கட்டடத்தில் அன்று என்னை மனிதனாக மதித்தவர் வாசல் காவலர் ஒருவர்தான். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தங்கள் நிறுவனம் நல்ல சம்பளம் கொடுக்கட்டும்.

அப்படி வந்து சேர்ந்த லென்ஸில் புதிதாக ஒரு குறையும் சேர்ந்திருந்தது. படத்தின் இடப்பக்கம் முழுவதும் கலங்கல். இதை நான் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, 12 மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை வைத்து, அதிர்வுத் தடுப்பை அணைத்து, கை படாமல் ரிமோட்டில் எடுத்தேன். வலப்பக்கப் பத்தியில் விளம்பரத்தின் பொடி எழுத்து வரை படிக்க முடிகிறது. இடப்பக்கத்தில் தலைப்பு எழுத்தே இரட்டை இரட்டையாகத் தெரிகிறது. தாள் சாய்ந்திருக்கலாம் என்று தாங்கள் சொல்வீர்கள் என்பதால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பியும் எடுத்தேன். இப்போது தாளின் வலப்பக்கம் கலங்கியது. சாய்ந்தது தாளாக இருந்தால் கலங்கல் இப்படி இடம் மாறாது. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் தப்பி உட்கார்ந்திருக்கிறது. என்னிடமிருந்து புறப்பட்டபோது அது சரியாக இருந்தது; தங்கள் பணிமனையில் பிரித்துப் பூட்டிய பிறகே இப்படி ஆனது. அதன் அர்த்தம் தங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் முறை 27 நாள். ஆக மொத்தம் 77 நாள். ஃபோகஸ் அப்படியே, கலங்கல் அப்படியே. கேமராவில் பொருந்தும் மவுன்ட் வளையத்தில் ஒரு திருகு இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது. லென்ஸை முக்காலியில் பூட்ட உதவும் என் காலருக்குப் பதிலாக யாருடையதோ கீறல் விழுந்த காலர் ஒன்று. அதன் திருகை எவ்வளவு முறுக்கினாலும் லென்ஸ் வழுக்கிச் சுழல்கிறது. அறிக்கையில் அதே வாசகம், எழுத்துக்கு எழுத்து: "சோதிக்கப்பட்டது, குறையேதும் இல்லை." கீழே அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என் லென்ஸின் எண்ணோடு பொருந்தவில்லை. அப்படியானால் தாங்கள் சோதித்தது யாருடைய லென்ஸை? என்னுடையதை யாராவது மேசை மேல் எடுத்தாவது வைத்தார்களா?

தங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. இதற்கு முன் தங்கள் நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களை நம்பி வாங்கியவன் நான், தெரிந்தவர்களுக்கும் பரிந்துரைத்திருக்கிறேன். இன்றும் இது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் என்றே நம்புகிறேன். ஆனால் இந்த லென்ஸை நான்காவது முறையாகத் தங்கள் பணிமனைக்கு அனுப்ப மாட்டேன். அதை இன்று நான் உறுதியாகத் தெரிவித்துவிடுகிறேன்.

ஒன்று, இதே மாதிரியில் புதிய லென்ஸ் தர வேண்டும். அல்லது நான் செலுத்திய தொகை முழுவதையும் பயணச் செலவோடு திருப்பித் தர வேண்டும். மிருகக்காட்சிசாலைக்குப் போகச் சொன்ன அந்தப் பேச்சுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் இவை நடக்காவிட்டால், மூன்று அறிக்கைகளையும், செய்தித்தாள் படங்களையும், மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். லென்ஸைப் பிரிக்காமல், திருகு இல்லாத அந்த ஓட்டையைக்கூட மூடாமல், தாங்கள் அனுப்பிய நிலையிலேயே வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து தாமதிக்காதீர்கள். அந்த இளம் விராலடிப்பான் இன்னும் ஏரியை விட்டுப் போகவில்லை; இன்று காலையும் பைனாகுலரில் பார்த்தேன். முதுகில் வெளிர்க்கோடு தேய ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் அந்தக் கோடு இருக்காது.

பதிலைத் தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில் மட்டும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், பில் நகல், லென்ஸின் வரிசை எண் ஆகியவை இணைப்பில் உள்ளன)