மாற்று வேலையை மறுத்தால் வெளியேற்றமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒருவர் பார்த்துவந்த பதவியை ஒழித்துவிட்டு, கைக்கு வந்த ஏதோ ஒரு வேலையை அவர்முன் நீட்டி, வேண்டாம் என்றதும் 'நீங்களாகவே விலகிவிட்டீர்கள்' என்று கணக்கை முடிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

மாற்று வேலையை மறுப்பது வேறு, ராஜினாமா வேறு. கணக்குப் பிரிவில் இருந்தவரைப் பாதிச் சம்பளத்தில் இரவுக் காவலுக்குப் போகச் சொன்னால் மறுக்கத்தானே செய்வார்? தகுதி, சம்பளம், வேலை நேரம், தூரம் எல்லாம் ஓரளவாவது ஒத்துவர வேண்டாமா? அப்படி ஒத்துவரும் வேலையையும் காரணமின்றித் தட்டிக்கழித்தால், சில நாட்டுச் சட்டங்களில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். சரி, அது நியாயம்தான்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 158), ஒருவரை நீக்க அவருடைய திறன், நடத்தை அல்லது நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை சார்ந்த தகுந்த காரணம் வேண்டும் என்கிறது. திறனையோ நடத்தையையோ காட்டி நீக்கினால், அதற்கு முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். பிறகு ஏன் ஆள்குறைப்பைக் 'கீழ்ப்படியாமை' என்று எழுதுகிறார்கள்? நோட்டீஸ் காலச் சம்பளமும் இழப்பீடும் மிச்சமாகும், வேறென்ன!

இப்படிச் சிக்கியிருப்பவர்கள் வாய்ப்பேச்சில் மறுக்காமல், காரணத்தோடு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது நல்லது. ராஜினாமா கடிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், வழக்குத் தொடரக் காலக்கெடு உண்டு. சில நாடுகளில் அது ஒரு சில மாதங்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்