பக்கத்துத் தெரு மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. வீட்டார் பதறிப்போய் முதலில் ஓடிவருவது பெரும்பாலும் உங்களிடம்தான். அருகில் இருக்கிறீர்கள்; முகம் தெரிந்தவர்கள்; உங்கள் சொல்லில் நம்பிக்கை உண்டு. அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்த என் தந்தையை இயன்முறை சிகிச்சைக்கு அழைத்துப்போன நாட்களில், அங்கே காத்திருந்த மற்றக் குடும்பங்களுடன் பேசியிருக்கிறேன். “பிரஷர் ஏறியிருக்கிறது என்று ஊசி போட்டார்கள், சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார்கள்.” “நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள், தூங்கி எழுந்தால் சரியாகும் என்றார்கள்.” இவற்றை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டேன். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் கைநழுவிப்போனது அந்த நோயாளிகளின் பேச்சும் நடையும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: பக்கவாதம் என்ற ஐயம் வந்தவுடன் அவரை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் அனுப்பிவிடுங்கள்.

பக்கவாதங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் மூளை இரத்தக்குழாய் அடைப்பால் வருபவை. மீதி இரத்தக்கசிவால் வருபவை. வெளியிலிருந்து பார்த்து இது எந்த வகை என்று எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். அதற்கு முன் கொடுக்கும் ஆஸ்பிரின், கசிவு உள்ளவருக்குக் கேடாகலாம். விழுங்கும் திறனும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் மாத்திரை, தண்ணீர் எதுவுமே வாய்வழி கூடாது. ஏறிய இரத்த அழுத்தத்தை அவசரமாக இறக்குவதும் ஆபத்து. அடைப்புக்கு அப்பால் தவிக்கும் மூளைப் பகுதிக்கு எட்டுகிற கொஞ்ச இரத்தமும் அதனால் குறைந்துவிடலாம். மருத்துவர்களுக்கு இது தெரியாததல்ல. “ஏதாவது செய்யுங்கள்” என்று உறவினர்கள் கதறும்போது கை தானாக ஊசியை நோக்கிப் போகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, உடனே அனுப்பிவைப்பதுதான்.

அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2008-இல் வந்த ஆய்வு அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாய் அடைத்திருந்தால் உள்ளே கருவி செலுத்தி இரத்தக் கட்டியையே வெளியே எடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்ய முடிகிறது. இதைக் கேட்டு “அப்படியானால் நேரம் இருக்கிறதே” என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். வரம்புக்குள் வந்தவர்களிலும் முந்தி வந்தவர்தான் அதிகம் பிழைக்கிறார்.

மருந்துக் கடை நண்பர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. பல நேரம் நோயாளி வருவதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் வந்து “வாய் ஒருபக்கம் இழுக்கிறது, மாத்திரை கொடுங்கள்” என்பார். மாத்திரை எடுக்காதீர்கள். நோயாளியைச் சிரிக்கச் சொன்னால் ஒருபக்கம் தொங்குகிறதா, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் குழறுகிறதா என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். திடீரெனப் பார்வை மங்குவது, இரண்டாகத் தெரிவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை அறியாத கடும் தலைவலி ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான் கொடுமை. மாரடைப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரைப் போல இவர் வரமாட்டார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், இடக்கை செயலற்றுக் கிடக்கும்போதே “எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்” என்பார்கள். பிடிவாதம் அல்ல, குறையை உணரும் பகுதியே பாதிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய சொல்லை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அனுப்புங்கள். அடுத்த இரண்டு நாட்களில் பெரிய பக்கவாதம் வரும் அபாயம் அவருக்கு மிக அதிகம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை மருத்துவர்கள் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அது மிகவும் குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரும். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். தூக்கத்திலிருந்து இப்படியே எழுந்தவர் என்றால் எழுந்த நேரம் உதவாது, அதற்கு முன் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். உங்களுக்கு அருகில் இரவிலும் ஸ்கேன் எடுத்து, அடைப்பைக் கரைக்கும் சிகிச்சை தரும் மருத்துவமனை எது என்று கேட்டறிந்து, அதன் எண்ணை ஆம்புலன்ஸ் எண்ணோடு சேர்த்து உங்கள் மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். நோயாளி புறப்பட்டதும் அந்த எண்ணுக்குச் சொல்லிவிட்டால் அவர்கள் ஸ்கேன் அறையைத் தயாராக வைத்திருப்பார்கள்.

அன்புடன்,
பக்கவாதம் வந்த ஒருவரின் மகள்