வெடிமருந்தை மட்டும் வீட்டிலேயே எடை போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கி மோகம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இங்கே அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா செய்கிறார்கள் என்று ஒரே வரியில், ஏதோ கள்ளத்தொழில் மாதிரி சொல்லிவிட்டுப் போனது சரியில்லை. இலக்கு சுடும் விளையாட்டில் இருக்கிற பலர் ரீலோடிங் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) அடித்து, வெடிமருந்து போட்டு, முனையில் குண்டைப் பொருத்துவதுதான் வேலை. சொந்த உபயோகத்துக்கு இங்கே கூட்டாட்சி உரிமம் வேண்டாம், விற்பதற்குத்தான் வேண்டும். (இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அங்கே யாரும் முயல வேண்டாம்.)

காசு மிச்சம் என்பதைவிட எனக்குப் பெரிது துல்லியம். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் மருந்திலும் குண்டின் ஆழத்திலும் ஒரு அளவுதான் ஒத்துவரும், அதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வீட்டில் நிரப்பி எடுத்துப் போய், சரிவரவில்லை என்று திரும்பி வந்து, அடுத்த வாரம் மறுபடி போவதற்குப் பதிலாக சுடும் தளத்திலேயே மாற்றிப் பார்க்கலாமே? பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும்) போட்டிக்காரர்கள் பல காலமாக இப்படித்தான், ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அதே கூடுகளை நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களுடையது மேசையில் வைக்கும் சின்ன பிரஸ், அதாவது கூட்டையும் குண்டையும் அழுத்தும் கருவி. நான் வைத்திருப்பது விஸ்கான்சினில் உள்ள லீ நிறுவனத்தின் ஹேண்ட் பிரஸ். பாக்குவெட்டி மாதிரி இரண்டு நீளக் கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், மேசையில் முடுக்கவே வேண்டாம். வழக்கமான டைகளே (கூட்டையும் குண்டையும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகள்) இதிலும் பொருந்தும். குண்டு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை டையின் தலையில் உள்ள திருகை ஒரு துளி திருப்பி மாற்றலாம், அழுத்தியதும் தோட்டாவின் நீளத்தைக் காலிப்பரில் (நுண்ணிய அளவுகோல்) வைத்து அளந்தால் போதும்.

எல்லாம் இதில் முடியாது. .308 போன்ற பெரிய ரைஃபிள் கூடுகள் சுட்டதில் விரிந்திருக்கும், அவற்றை முழுதாகப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது கைக்கு நல்ல தண்டனை. அதை வீட்டில், பெரிய பிரஸ்ஸில் முடித்து பிரைமரும் அடித்துக்கொண்டு போவது நல்லது.

மருந்து விஷயத்தில்தான் என் கவலை. வழக்கமான ரீலோடிங் தராசு காட்டுகிற மிகச் சிறிய அளவு 0.1 கிரெய்ன், அதாவது ஆறரை மில்லிகிராம். திறந்தவெளியில் லேசாகக் காற்றடித்தாலே அந்த எண் ஆடும், பக்கத்தில் ஒருவர் சுட்டால் மேசையே அதிரும். அங்கே எடை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது, கொஞ்சம் கூடினால்கூட அழுத்தம் எகிறிவிடும். ரீலோடிங் கையேட்டில் அச்சிட்ட அட்டவணையின் வரம்புக்குள் பல அளவுகளை வீட்டில் எடை போட்டு, மூடியுள்ள சின்னக் குப்பிகளில் அடைத்து, ஒவ்வொன்றிலும் அளவை எழுதி எடுத்துப் போனால் தளத்தில் கூட்டில் கொட்டிக் குண்டைப் பொருத்துகிற வேலைதான் மிஞ்சும். அப்புறம், மேசையில் ஒரே வகை மருந்துதான் இருக்க வேண்டும். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையில் இருப்பதை முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், பாதியில் விட்ட கூட்டில்தான் இரண்டு முறை மருந்து விழும்.

தள அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சில தளங்களில் அனுமதி இல்லை. சுடுவதை நிறுத்தச் சொல்லும்போது யாரும் மேசையைத் தொடக்கூடாது என்பதால் பிரஸ்ஸை சுடும் வரிசைக்குப் பின்னால், தனி மேசையில் வைப்பதே நல்லது.

இப்படிக்கு,
டெக்சாஸ் வாசகர் ஒருவர்