கிட்டார் இன்புட் வேலை செய்யாத ரெக்கார்டிங் பெட்டி: மாற்றித் தரவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோலாலம்பூர் கடையில் வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார், மைக் ஒலியைக் கணினியில் பதிய உதவும் பெட்டி) பற்றிப் போனில், வாட்ஸ்அப்பில், நேரில் என்று எல்லா வழியிலும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

குறை உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்பக்க ஜாக்கில், கிட்டாருக்கு ஏற்றபடி இன்புட்டை மாற்றும் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, உள்ளே ஒன்றும் மாறுவதில்லை. கீபோர்டைச் செருகினால் சரியாக வருகிறது. ஸ்டீல் கிட்டாரைச் செருகினால் ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போல இருக்கிறது. கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் இன்புட் வேண்டும். உங்கள் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. கீபோர்டு, கைப்பேசி போன்றவற்றுக்கான 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் கொடுத்தால் ட்ரெபிள், அதாவது கீச்சு ஒலி, செத்துவிடும். உங்களுக்குத் தெரியாததா? கிட்டார் ஒலியை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸை இரவல் வாங்கி மைக் இன்புட் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன். அதே கிட்டார், அதே வால்யூம் பெடல், கம்பி சுத்தமாகப் பேசுகிறது.

'கொண்டு வாங்க, உடனே பார்த்துடலாம்' என்றது நீங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி, டோல் கட்டி வந்தேன். உங்கள் ஆள் தன் கைப்பேசியைச் செருகி ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, 'சத்தம் வருதே அண்ணே' என்றார். கைப்பேசி லைன் இன்புட்டிலும் நன்றாகத்தானே கேட்கும்! கிட்டார் வண்டியில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்றேன். கடை சாத்தும் நேரமாம்.

அதைக்கூட விட்டுவிடலாம். போனில் பேசிய அந்த ஊழியர், 'தோட்டத்துல ஸ்டூடியோ வச்சா கரண்ட் அப்படித்தான் சார் இருக்கும்' என்று சிரித்தாரே, அதை எப்படி விடுவது? உங்களுக்கு வரும் அதே 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் இங்கே எஸ்டேட்டிலும் வருகிறது. கரண்டில் கோளாறு என்றால் இரைச்சல் வரும், ட்ரெபிள் ஏன் போகிறது? பெயரைக் கேட்டேன், லைனைத் துண்டித்துவிட்டார். இத்தனைக்கும் நான் ஒரு சொல் தடித்துப் பேசவில்லை.

அந்த ஸ்டீல் கிட்டாரை வாசித்தவர் என் பெரியப்பா, பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி ஓய்ந்தவர். மாரியம்மன் திருவிழாப் பாட்டுக்கு அவர் வாசித்தது அத்தனையும் வீண். கம்பிமேல் இரும்பு பார் சறுக்கும்போது வரும் கமகம் மழுங்கிப் போயிருக்கிறது. ஈக்யூவில் ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறுகிறது. கோயில் கமிட்டி ஈப்போவில் வேறு ஸ்டூடியோ பார்த்துக்கொண்டது. இந்த வட்டாரத்தில் இனி என்னிடம் யார் வருவார்கள்? என் பிழைப்பே போய்விட்டது.

புதுப் பெட்டி தாருங்கள், இல்லையென்றால் 1,450 வெள்ளியை (ரிங்கிட்) திருப்பிக் கொடுங்கள். உங்கள்மேல் பகை ஒன்றும் இல்லை. மைக், வயர் எல்லாம் உங்களிடம்தான் வாங்கினேன். ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன். மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், பெட்டியை இனி நான் தூக்கிக்கொண்டு வருவதாக இல்லை. கூரியர் ஆளை அனுப்புங்கள், உங்கள் செலவில்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்