தடைக்கால அவசரமும் இழுத்துக்கொள்ளும் தகடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் மண்டபம், பாம்பன், தொண்டிக் கரைகளில் விசைப்படகு மராமத்து மும்முரமாக நடக்கிறது. ஜூன் பிறந்ததும் அவசரம் தொற்றிக்கொள்ளும். மாற்றிய தளத்தகடு அலையலையாக நிற்கும், ஐஸ் பெட்டி மூடி நாலு மூலையும் படியாமல் ஆடும், வின்ச் (வலை இழுக்கும் எந்திரம்) அடித்தளத்தில் போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று சேராது. 'தகடு மட்டமான சரக்கு' என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் தகட்டில் இல்லை, பற்றவைத்த வரிசையில்தான்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விட்டுக்கொடுக்காது. ஊற்றும் உலோகம் எவ்வளவு கூடுகிறதோ, இழுப்பும் அவ்வளவு கூடும். 'கனமா போடுங்க, அப்பத்தான் தாங்கும்' என்று படகு உரிமையாளர்கள் சொல்வதை நாங்கள் ஏற்க மாட்டோம். இரண்டு தகடு சேரும் மூலையில் போடும் வெல்டின் கால் அளவை (ஒரு பக்க அகலத்தை) 6 மி.மீ.யிலிருந்து 8 ஆக்கினால் உள்ளே போகும் உலோகம் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. 6 மி.மீ. தளத்தகட்டில் ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) வைக்க 4 முதல் 5 மி.மீ. கால் அளவு பொதுவாகப் போதும். ராடு (உருகி வெல்டாகும் கம்பி) கணக்கில் கூலி பேசும் இடத்தில் இந்தக் கனம் குறையவே குறையாது. அடிக் கணக்கில் பேசுவது இருவருக்கும் நல்லது.

துருப்பிடித்த இடத்தை வெட்டி 6 மி.மீ. தகடு பதிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். முதலில், மூலைகளைச் சதுரமாக வெட்டக் கூடாது. 75 மி.மீ. ஆரத்துக்காவது வளைத்து வெட்ட வேண்டும். இல்லையென்றால் இழுப்பெல்லாம் மூலையில் கூடி அங்கேதான் விரிசல் கிளம்பும். இடைவெளி 2 மி.மீ. சீராக இருக்கட்டும். ஓரிடத்தில் 5 மி.மீ. வாய் பிளந்திருந்தால் அதை ராடால் அடைக்கும்போதே தகடு கோணிவிடும். டேக் (தகட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு ஒட்டு) நடுவில் ஒன்று, பிறகு இரு முனைகளில், பிறகு இடைப்பட்ட இடங்களில் என்று 150 மி.மீ.க்கு ஒன்றாக வர வேண்டும். ஒரு முனையில் தொடங்கி வரிசையாக டேக் அடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் இடைவெளி மூடிக்கொள்ளும்.

அடுத்தது ஓட்டம், அதாவது ராடை நகர்த்தி வெல்டு போடுவது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே மூச்சில் இழுத்துவிடுவதுதான் கரையில் அதிகம் நடக்கும் தவறு. 150 மி.மீ. துண்டாகப் பின்னோக்கிப் போட வேண்டும். வேலை இடமிருந்து வலமாக நகர்ந்தால், ஒவ்வொரு துண்டும் வலமிருந்து இடமாக வந்து முந்தைய துண்டின் தொடக்கத்தில் முடியும். ஒரு பக்கத்தில் இரண்டு துண்டு போட்டதும் எதிர்ப்பக்கம் போய் இரண்டு துண்டு. தகட்டைக் கையால் தொட முடியும் வரை பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது. மெல்லிய ராடில் நாலைந்து ஓட்டம் போட்டால் சூடு குறையும் என்று நினைப்பதும் தவறு. ஓட்டம் கூடக் கூடக் கோணலும் கூடும். அடி ஓட்டத்துக்கு 2.5 மி.மீ. ராடு, முடிப்புக்கு 3.15, அதோடு போதும்.

ஆங்கிள் வைக்கும்போது இடைவெளி விட்டு விட்டு, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டால் இழுப்பு நன்றாகவே குறையும். ஆனால் கடல் படகில் அதை அப்படியே விட்டுவிட முடியாது. விடுபட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளுக்குள் அரிக்கும். ஆறிய பிறகு இடைவெளிகளையும் அதே மாற்று வரிசையில் அடைத்துவிட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் தகட்டில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சாதா இரும்பைவிட அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். டேக் இன்னும் நெருக்கமாக வரட்டும், பின்னால் செம்புப் பட்டை வைத்து அழுத்துங்கள். மிக் மெஷின் (கம்பியும் வெல்டைக் காக்கும் கேஸும் சேர்ந்து வரும் எந்திரம்) வேகமாக ஓடுவதால் தகட்டில் ஏறும் சூடு குறைவு. ஆனால் பாம்பன் காற்றில் கேஸ் பறந்து வெல்டு முழுக்க ஊசித் துளையாகும். மூடி, பெட்டி போன்றவற்றை ஷெட்டுக்குள் மிக்கிலும், தளத்தை ராடிலும் செய்வதே சரி.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவெட் அடித்துக் கட்டியது, அதில் இந்தத் தொல்லை இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் இணைப்புகள் வெல்டிங்கில் ஆனவை. வரிசை தெரிந்தால் இதே உப்புக் காற்றில் எவ்வளவு பெரிய வேலையும் ஆகும்.

கோணிப்போன தகட்டைச் சம்மட்டியால் அடித்து நேராக்குவதும் நடக்கிறது. சாதா இரும்பென்றால், புடைத்த பக்கத்தில் கேஸ் சுடரால் முக்கோணமாகச் சூடேற்றி மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்தி ஆறவிட வேண்டும். அது 600 முதல் 650 டிகிரி. உச்சி வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் சூடேற்றித்தான் பலர் தகட்டைக் கெடுக்கிறார்கள். மேலே சாக்கு கட்டி நிழலில் பாருங்கள்.

மீன்வளத் துறை மார்ச் மாதத்தில், தடைக்காலத்துக்கு முன்பே, இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி நடத்தினால் உதவியாக இருக்கும். இரண்டு ஒரே அளவுத் தகடுகளை, ஒன்றை ஒரே ஓட்டமாகவும் மற்றதைப் பின்னோட்டமாகவும் பற்றவைத்து மட்டப்பலகை வைத்துக் காட்டினாலே போதும். படகு உரிமையாளர்களையும் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
வெல்டிங் தொழிலாளர்கள் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.